ஓரத்தில் மலர்ந்த ஓவியம்
கோவா சாந்தா மோனிக்கா மடமும் நம் ஆலயச் சுவர்களும்

பழைய கோவாவுக்குச் செல்லும் நம்மவரில் பெரும்பாலோர் இரண்டு ஆலயங்களைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். ஒன்று, சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள போம் ஜேசு பேராலயம். மற்றொன்று, அதற்கு எதிரே நிற்கும் சே தலைமையாலயம். சீர்திருத்தச் சபையைச் சார்ந்த ஆயர்கள் போம் ஜேசுவின் முன் நின்று திருப்பண்டங்களைப் பற்றிச் சிறிது நேரம் விவாதிப்பர். பொன் முலாம் பூசிய பீடங்களைக் கண்டு வியப்பதா, வருந்துவதா என்று தெரியாமல் புகைப்படம் எடுத்துக்கொள்வர். அங்கிருந்து மேற்கே, மோந்தி சாந்து எனப்படும் திருக்குன்றின் மேல் ஏறிச் செல்பவர் சிலரே. அக்குன்றில் அகுஸ்தீன் சபைத் துறவியரின் இடிந்த கோபுரம் ஒன்று, சுமார் 46 மீட்டர் உயரத்துக்கு, தனியே நிற்கிறது. அதற்கு எதிரே இருப்பதுதான் சாந்தா மோனிக்கா கன்னியர் மடம். இறையியல் பயில்வோர் கோவாவில் ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியுமெனில், அவர்கள் நிற்க வேண்டியது இக்குன்றின் மேல் என்பதே நம் கருத்து. ஏனெனில் நம் சபைகளில் இன்றும் தீராதிருக்கும் ஒரு வினா, ஆலயச் சுவரில் என்ன இருக்கலாம், அதை யார் தீட்டலாம் என்னும் வினா, அங்கே செம்புரைக்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது.

கட்டடத்தின் வரலாறு சுருக்கமானது. 1606ஆம் ஆண்டு பணி தொடங்கிற்று, 1627இல் முடிந்தது. 1636இல் தீக்கு இரையாகி, அடுத்த ஆண்டே மீண்டும் எழுந்தது. மூன்று மாடிகள், சதுர அமைப்பு, நடுவே பெரிய முற்றம், முற்றத்தைச் சூழ்ந்து வளைவுக் கூரையுடன் கூடிய நடை, நடையை ஒட்டித் துறவியரின் அறைகளும் கூடங்களும். அரசரின் ஆதரவு பெற்றிருந்ததால் 'அரச மடம்' என்றும் இதனை அழைத்தனர். போர்த்துக்கீசியரின் கிழக்குலகில் பெண்களுக்கென எழுந்த முதல் துறவற மடம் இதுவே. அகுஸ்தீனின் தாயாகிய மோனிக்காளின் பெயர் இதற்கு இடப்பட்டது. அகுஸ்தீனின் ஒழுங்குவிதியே இங்கு வாழ்ந்தோர் பின்பற்றிய விதி.

வெளியிலிருந்து நோக்குவோருக்கு இது மடமாகத் தோன்றுவதில்லை, கோட்டையாகவே தோன்றும். தடித்த சுவர்கள், அவற்றைத் தாங்கி நிற்கும் பெருத்த உதைச்சுவர்கள், உயரத்தில் சிறு சாளரங்கள். தஸ்கன், கொரிந்திய முறைத் தூண்வடிவங்கள் சுவரில் பதிக்கப்பட்டிருப்பினும் அவை கண்ணை நெடுநேரம் நிறுத்துவதில்லை. கட்டடக் கலைஞன் தன் திறமையனைத்தையும் உட்புறத்துக்கே ஒதுக்கிவைத்திருக்கிறான். முற்றத்தில் நின்றால் வானம் சதுரமாகத் தெரிகிறது. நடையின் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளியையும் நிழலையும் பங்கிடுகின்றன. எல்லா வழிகளும் முற்றத்துக்கே திரும்பி வருகின்றன. வெளியே செல்வதற்கென்று கட்டப்பட்ட வழி மிகக் குறைவு. கட்டடம் தன் நோக்கத்தை மறைக்கவில்லை. உள்ளே வந்தவள் உள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்காகவே இது எழுப்பப்பட்டது. இதை அறிந்து நோக்கும்போதுதான் அவ்வளைவுகளின் அழகு நம்மை உறுத்தத் தொடங்குகிறது. அவ்வுறுத்தல் நல்லது, அதைத் தவிர்த்துவிட்டு 'என்ன கலைநயம்!' என்று சொல்லி நகர்வது திறனாய்வாகாது.

மடத்தை நிறுவியவர் யார் என்பதையும் நாம் கருத வேண்டும். அவர் பேராயர் அலெய்ஷோ தெ மெனேசெஸ். நம் மாணவர் இப்பெயரை வேறோர் இடத்தில் படித்திருப்பர். 1599ஆம் ஆண்டு உதயம்பேரூரில் சங்கம் கூட்டி, தோமா கிறிஸ்தவரின் சுரியானி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டவர் இவரே. ஏழாண்டுகளுக்குப் பின் அதே மனிதர் கோவாவின் குன்றில் பெண்களின் தியானத்துக்கென ஓர் இல்லம் அமைக்கிறார். ஏட்டை எரித்தவரே ஓவியத்துக்குச் சுவர் எழுப்பினார். இதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றியிராது. அவர் எரித்தது இந்நாட்டுக் கிறிஸ்தவரின் நினைவு. அவர் கட்டியது தம் நாட்டுக் கிறிஸ்தவத்தின் நினைவு. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்காத சபை வரலாறு அரை வரலாறே.

இனி ஓவியங்களுக்கு வருவோம். வளைவுக் கூரைகளிலும் சுவர்களிலும் திருமறைக் காட்சிகளும், அவற்றைச் சூழ்ந்து இலை, கொடி, மலர் வேலைப்பாடுகளும் தீட்டப்பட்டுள்ளன. காலமும் ஈரமும் பலவற்றைத் தின்றுவிட்டன, எஞ்சியவை போதும்.

சுவரோவியத்துக்குச் சபை வழக்கமாகக் கூறிவந்த நியாயம் ஒன்றுண்டு. ஏறத்தாழ கி.பி. 600இல், மார்சேய் நகரின் ஆயர் செரேனுஸ் தம் ஆலயத்துப் படங்களை உடைத்தபோது, போப் முதலாம் கிரகோரியார் அவரைக் கடிந்து கடிதம் எழுதினார். எழுத்தறியாதோர் சுவரைப் பார்த்துப் படிக்கின்றனர் என்பது அவர் வாதம். திரெந்து சங்கமும் தன் இறுதி அமர்வில், 1563ஆம் ஆண்டு டிசம்பரில், உருவங்களால் மக்கள் போதனை பெறுகின்றனர் என்ற நியாயத்தையே வலியுறுத்திற்று. நம் குருமடங்களில் சுவரோவியம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாமும் இவ்வாதத்தையே ஏற்றோ மறுத்தோ நின்றுவிடுகிறோம்.

ஆனால் சாந்தா மோனிக்காவில் இவ்வாதம் செல்லாது. இச்சுவர்களை எழுத்தறியாத மக்கள் என்றுமே பார்த்ததில்லை. அடைப்பு மடத்தின் உட்கூடங்களுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி ஏது? பார்த்தவர்கள் துறவியர், அவர்களுள் பாடற்குழுவினர் இலத்தீன் ஜெபநூலைக் கையில் பிடித்தவர்கள். அப்படியானால் இவ்வோவியம் யாருக்குப் போதனை? நாம் சொல்லத் துணிவது இது: அக்கூரை மலர்கள் போதனைக்காகத் தீட்டப்பட்டவையல்ல. அவை அப்பெண்களின் தோட்டம். இனி ஒரு மாந்தோப்பையோ, மண்டோவி ஆற்றின் கரையையோ நடந்து காண இயலாத பெண்களுக்குத் தலைக்குமேல் தீட்டித் தரப்பட்ட வெளியுலகம். இதை எண்ணிக்கொண்டு அண்ணாந்து பார்த்தால், ஒரு கொடியின் வளைவுகூட வெறும் அலங்காரமாகத் தோன்றுவதில்லை.

இவர்கள் பின்பற்றிய விதியின் ஆசிரியராகிய அகுஸ்தீன், தம் அறிக்கைகளின் பத்தாம் புத்தகத்தில், கண்களின் இன்பம் தம்மை எவ்வாறு இழுக்கிறது என்று கடவுளிடம் முறையிடுகிறார். வண்ணங்களின் அரசியாகிய ஒளியே தம்மைப் பகலெல்லாம் தொடர்ந்து வருவதாக அஞ்சியவர் அவர். அவரது விதியின் கீழ் வாழ்ந்தோர் வண்ணங்களின் நடுவே வாழ்ந்தனர். முறைகேடு என்று இதனைச் சொல்ல நாம் முன்வரவில்லை. விதி எழுதியவர் நகரத் தெருக்களில் நடமாடிய ஆயர். விதிக்கு உட்பட்டவரோ நான்கு சுவர்களுக்குள் இருந்த பெண்கள். கண்ணின் இச்சை என்று அவர் அஞ்சியது அவர்களுக்குக் கண்ணின் உணவாயிருக்கக்கூடும்.

தீட்டிய கை யாருடையது? இந்தியக் கலைஞருடையது. கோவாவில் கிறிஸ்தவ உருவங்களை யார் செய்யலாம் என்பது பதினாறாம் நூற்றாண்டில் அரச ஆணைக்கும் சங்கத் தீர்மானத்துக்கும் உரிய பொருளாயிருந்தது. கிறிஸ்துவின் உருவத்தையும் புனிதர் உருவங்களையும் இந்து ஓவியர் தீட்டக்கூடாது என்று மூன்றாம் ஜான் அரசர் 1546இல் ஆணையிட்டார். 1567இல் கூடிய கோவாவின் முதல் மாகாணச் சங்கமும் இத்தடையைப் புதுப்பித்தது. ஒரு தடையை மறுபடியும் விதிக்க நேர்ந்தது என்பதிலிருந்தே அது எவ்வளவு மீறப்பட்டது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்வர். ஆலயங்கள் பெருகின, கைகள் வேண்டியிருந்தன, கைகள் இந்நாட்டில்தான் இருந்தன.

அக்கைகளுக்கு எங்கே சுதந்திரம் கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்பதைச் சுவரே சொல்கிறது. இது இம்மடத்தில் நாம் கற்ற முதன்மையான பாடம். திருமறைக் காட்சி தீட்டப்பட்ட இடத்தில் கை தயங்குகிறது. ஐரோப்பிய அச்சுப்படம் ஒன்று முன்னே வைக்கப்பட்டிருந்ததைப் போன்ற ஓர் இறுக்கம் உருவங்களில் தெரிகிறது. ஆந்துவெர்ப்பு நகரில் அச்சான செதுக்குப் படங்கள் அக்காலத்தில் மிஷன்களின் வழியே கிழக்கெங்கும் சென்றன; அக்பரின் அரசவை ஓவியர்கூட அவற்றைப் பார்த்து வரைந்தனர். உடையின் மடிப்பு, முகத்தின் சாய்வு, கையை உயர்த்தும் முறை ஆகிய அனைத்தும் வேறொரு நாட்டின் வழக்கு. ஆனால் காட்சி முடிந்து ஓரம் தொடங்கும் இடத்தில் அதே கை விடுதலை பெறுகிறது. கொடி தன் போக்கில் ஓடுகிறது. மலர் மலராக விரிகிறது. இந்நாட்டுத் துணியிலும் மரச்செதுக்கிலும் கண்ட வளைவுகள் வந்து சேர்கின்றன. நடுவில் அடிமையாயிருந்த கலைஞன் ஓரத்தில் தலைவனாகிறான்.

இதை வெறும் கலை விமரிசனமாக விட்டுவிட நமக்கு மனமில்லை. இந்தியத் திருச்சபையின் நிலையே நெடுங்காலம் இதுவாயிருந்தது. நற்செய்தியின் நடுவிடம் பிறர் வரைந்து தந்தபடியே இருக்க வேண்டும். ஓரங்களில் நாம் பூ வரைந்துகொள்ளலாம். ஆராதனையின் அமைப்பு அவர்களுடையது, குத்துவிளக்கு நம்முடையது. விசுவாசப் பிரமாணத்தின் சொல் அவர்களுடையது; கீர்த்தனையின் இராகம் நம்முடையது. 'சூழல் இறையியல்' என்று நாம் பெருமையுடன் பேசும் பலவும் இந்த ஓர வேலைப்பாட்டைத் தாண்டியதா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓர வேலை இழிவானதென்று இதற்குப் பொருளில்லை. சாந்தா மோனிக்காவில் உயிருள்ள பகுதி அதுவே. ஆயினும் ஓரத்தில் இத்தனை திறமை காட்டிய கைக்கு நடுவிடத்தைத் தந்திருந்தால் அது எந்த முகத்தை வரைந்திருக்கும் என்பதைச் சுவர் சொல்ல மறுக்கிறது. சுவரின் குறையென்று நாம் காண்பது அம்மறுப்பையே.

தமிழ்நாட்டினர் சுவரோவியத்துக்குப் புதியவரல்லர். சித்தன்னவாசலின் தாமரைத் தடாகத்தைக் கண்ட கண்களுக்குக் கோவாவின் கூரை மலர்கள் சற்று எளியனவாகவே தோன்றும். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருந்ததை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஒரு காலத்தவர் மற்றொரு காலத்தவரின் சுவர்மேல் புதுச் சாந்து பூசித் தம் ஓவியத்தைத் தீட்டுவது நம் நாட்டு வழக்கமே. அடியில் இருந்தது அழியவில்லை, காத்திருந்தது. கோவாவிலோ பல இடங்களில் சுவரே பெயர்க்கப்பட்டது. 1540 முதல் கோயில்கள் இடிக்கப்பட்ட நிலத்தில் ஆலயங்கள் எழுந்தன. எனவே கோவாவின் சுண்ணாம்பை ஒருவர் எவ்வளவு சுரண்டினாலும் அடியில் பழைய முகம் கிடைக்காது. அது ஓரத்துக் கொடியில்தான் எஞ்சியிருக்கிறது.

மடத்துக்குள் இருந்த பெண்களுக்குள்ளும் நடுவிடமும் ஓரமும் இருந்தன. கறுப்பு முக்காடு பெற்றோர் பாடற்குழுவில் அமர்ந்து திருநேர ஜெபங்களைப் பாடினர். இவ்விடம் பெரும்பாலும் போர்த்துக்கீசியக் குடும்பத்துப் பெண்களுக்கே உரியதாயிருந்தது. வெள்ளை முக்காடு பெற்றோர் பணிசெய்யும் சகோதரிகள். அவர்களுக்கும் கீழே பணிப்பெண்களும், விலைக்கு வாங்கப்பட்ட அடிமைப் பெண்களும். சீதனத்தோடு வந்தவர்களால் மடத்தின் செல்வம் பெருகிற்று. அச்செல்வத்தைக் குறித்து நகரசபையினர் முறையிட்டனர். துறவி தியோகு தெ சாந்தா அனா மடத்தின் சார்பாக வழக்காடினார். அச்சர்ச்சை சூடேறியிருந்த காலத்தில், 1636இல், மடத்து ஆலயத்தின் சிலுவையில் இருந்த திருவுருவம் கண் திறந்ததாகவும் இரத்தம் வடித்ததாகவும் துறவியர் சாட்சி கூறினர். 'அழும் சிலுவை' என்று அவ்வாலயம் இன்றும் அழைக்கப்படுகிறது. நம் வாசகர் பலர் இதைக் கேட்டுப் புன்னகை செய்வர். புன்னகைக்கு முன் ஒரு நிமிடம் எண்ணுவோம்: தம் சார்பில் பேசும் உரிமையற்ற பெண்களின் இல்லத்தில், பேசியது சுவரில் தொங்கிய உருவம்.

1834இல் போர்த்துக்கல் அரசு துறவற சபைகளைக் கலைத்தது. அடுத்த ஆண்டு அவ்வாணை கோவாவை எட்டிற்று. எதிரே இருந்த அகுஸ்தீன் மடத்தைத் துறவியர் விட்டு வெளியேறினர். 1842இல் அதன் ஆலயக் கூரை விழுந்தது. 1931இல் கோபுரத்தின் பாதியும் முகப்பும் சரிந்தன. சாந்தா மோனிக்காவின் பெண்கள் மட்டும் வெளியேற்றப்படவில்லை. புதியவரைச் சேர்க்கலாகாது என்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் பாடற்குழு சுருங்கிற்று. நாற்பது, பின் இருபது, பின் ஐந்து குரல்களுக்கென்று தீட்டப்படாத அக்கூடத்தில் அவர்கள் பாடிக்கொண்டே இருந்தனர் என்று எண்ணிப் பார்க்கலாம். 1885இல் கடைசித் துறவி இறந்தார். அதன்பின் படையினர் தங்குமிடமாகவும் அக்கட்டடம் பயன்பட்டது. 1964இல் அருட்சகோதரிகளுக்கான இறையியல் நிறுவனமாகிய மாத்தர் தேயி அங்கு தொடங்கிற்று. ராசோலில் 1994இல் தொடங்கப்பட்ட கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம் 2002இல் இங்கு இடம் மாறி வந்தது. அடைப்புக்கென்று கட்டப்பட்ட வீட்டில் பெண்கள் இறையியல் படிக்கின்றனர் என்பது, நம் குருமடங்களில் பெண்கள் சேர்வதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நினைவூட்டட்டும்.

இத்தனையும் கூறிய பின், 'நம் சுவர்கள் வெண்மையானவை. நமக்கு இத்தொல்லை இல்லை' என்று சீர்திருத்தச் சபையினர் சொல்லலாமா? 1522இல் விட்டன்பர்க்கில் கார்ல்ஸ்டாட்டின் தூண்டுதலால் உருவங்கள் உடைக்கப்பட்டபோது, லூத்தர் ஒளிவிடத்திலிருந்து திரும்பி வந்து எட்டு நாள் பிரசங்கித்து அதைத் தடுத்தார். 1524இல் சூரிச்சில் உருவங்கள் ஒழுங்காக அகற்றப்பட்டன, சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன, சுவிங்கிலி அவ்வெண்மையில் மகிழ்ந்தார். நம் தமிழ்ச் சபைகள் இவ்விரு மரபுகளின் பிள்ளைகள். பத்துக் கட்டளைகளை எண்ணும் முறையிலேயே இவ்வேறுபாடு தெரியும்: லூத்தரன் ஞானோபதேசத்தில் உருவத் தடை முதற்கட்டளைக்குள் அடங்கிவிடும், மற்றவருக்கு அது தனியே இரண்டாம் கட்டளை. ஒரே ஊரில் இரண்டு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் சந்தித்தால் எண்ணிக்கையில் சண்டை வரும்.

ஆனால் நடைமுறையில் நம் வெள்ளைச் சுவர் வெறுமையாயிருப்பதில்லை. பீடத்துக்கு மேலுள்ள வளைவில் வண்ண எழுத்துகளில் வசனம். இருபுறமும் கொடையாளிகளின் பெயர் பொறித்த பளிங்குப் பலகைகள். இவை ஆண்டுதோறும் பெருகுகின்றன, இவற்றை உருவ வழிபாடு என்று யாரும் கண்டித்ததில்லை. குருமனையின் முன்னறையில் அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940இல் தீட்டிய கிறிஸ்துவின் முகம், நாட்காட்டியிலிருந்து கத்தரித்துச் சட்டமிடப்பட்டு, தொங்குகிறது. ஆலயத்தில் ஓவியம் கூடாதென்று வாதாடும் ஆயரின் வீட்டிலேயே அதை நாம் பார்த்திருக்கிறோம். உருவம் வேண்டாம் என்பதன்று நம் உண்மையான நிலை. நம் கையால் தீட்டிய உருவம் வேண்டாம் என்பதே அது. கோவாவின் மாகாணச் சங்கம் 1567இல் எடுத்த தீர்மானத்துக்கும் இதற்கும் எத்தனை தூரம்?

இக்கேள்வி நமக்கு ஏட்டுக் கேள்வியன்று. கொல்லிமலையில், எடப்புளி நாட்டில் பணியாற்றும் உபதேசியார் ஒருவர் இவ்வழக்கை நம்மிடம் கொண்டுவந்தார். அங்குள்ள சிறு ஜெபவீட்டின் உட்சுவரில், பிரசங்க மேடைக்குப் பின்னால், விதைக்கிறவனின் உவமையைத் தீட்ட வேண்டும் என்று இளைஞர் விரும்புகின்றனராம். விதைக்கிறவன் மலையாளி உழவனாக, படிக்கட்டு வயலில் சாமை விதைக்க வேண்டும். வழியோரமாக எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்று தெரிய வேண்டும். முள் உள்ள இடத்தில் பலாவும் மிளகுக் கொடியும் வேண்டாம், அவை நல்லவை என்று ஒரு முதியவர் திருத்தமும் சொன்னாராம். சமவெளியிலிருந்து வரும் குருவானவர் இதற்கு இசையவில்லை. வசனம் எழுதிக்கொள்ளுங்கள் என்கிறார்.

அக்குருவானவரின் அச்சத்தை எள்ளிவிட நாம் விரும்பவில்லை. உருவத்தின் ஆற்றலைக் கொல்லிமலையைப் போல் அறிந்த இடம் தமிழ்நாட்டில் குறைவு. காண்போரை மயக்கி நிறுத்தும் கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர் பாடினர். எட்டுக்கை அம்மனாக இன்றும் அம்மலையில் அவள் வழிபடப்படுகிறாள். வெண்கலச் சர்ப்பத்தைச் செய்யச் சொன்னவர் ஆண்டவரே. ஆயினும் மக்கள் அதற்குத் தூபங்காட்டியபோது எசேக்கியா அதை உடைத்துப்போட்டான். மோசேயும் எசேக்கியாவும் இருவருமே கீழ்ப்படிந்தவர்கள். எந்தச் சபை எந்த நாளில் எவர் பக்கம் நிற்க வேண்டும் என்பதே ஆயர் அறிய வேண்டியது. அதை அவர் தூரத்திலிருந்து அறிய முடியாது.

அம்மலைக்கு நற்செய்தியோடு வந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சார்ந்தவர்கள். 1913இல் மணமுடித்து மலையேறி, வாழவந்தி நாட்டில் மரவீடு கட்டி வாழ்ந்தனர். பள்ளியும் மருத்துவமும் தொடங்கினர். தொழுநோயாளரின் கைகளை மீட்டெடுத்த பால் பிராண்டு 1914இல் பிறந்த மகன். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலால் இறந்தார். ஈவ்லின் முதுமையில் மீண்டும் மலைக்குத் திரும்பி, 1974இல் மறையும்வரை ஊர் ஊராகச் சென்று பணியாற்றினார். இளமையில் இலண்டனில் ஓவியம் பயின்றவர் இவர் என்பது பலருக்குத் தெரியாது. ஒளியையும் மேகத்தையும் தீட்டத் தெரிந்த ஒரு பெண், மேகம் நாள்தோறும் வாசலுக்கு வரும் மலையில் வாழ்ந்தார். அவர் மரபின் ஜெபவீட்டுச் சுவர்களிலோ ஓவியத்துக்கு இடமில்லை. தம் வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளில் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே அவர் வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். தம் உருவத்தை விட்டுவிட்டு மலைமக்களின் முகங்களையே பார்த்திருந்தார் போலும். உருவத் தடையின் மேன்மையான பக்கத்தை நமக்கு யாரேனும் காட்டியிருந்தால் அது இவரே. சூரிச்சின் வெள்ளைச் சுவரைவிட அந்தக் கண்ணாடியற்ற வீடு நமக்குத் தெளிவாக விளங்குகிறது.

ஆயினும் அவர் துறந்தது தம்முடையதை. எடப்புளி நாட்டு இளைஞரிடம் துறக்கச் சொல்லப்படுவது, அவர்கள் இன்னும் ஒருமுறைகூடப் பெற்றிராத ஒன்று. தன் நிலத்தில் ஆண்டவரின் உவமை நடப்பதைக் கண்ணால் காணும் உரிமை அது. மேலும், அவர்கள் கேட்பது வணங்குவதற்கு ஒரு முகம் அன்று. விதைப்பவனின் முதுகைத்தான் வரையப்போவதாக உபதேசியார் சொன்னார். நம்மிடம் கேட்டால், இதனைக் கோவாவின் ஓவியன் பெறாத நடுவிடம் என்போம்.

இத்தகைய முயற்சிக்கு நம் நாட்டில் முன்னோர் உண்டு. கோவாவின் சாந்து எஸ்தேவாம் தீவில் 1902இல் பிறந்த ஆஞ்செலோ த பொன்சேகா சாந்திநிகேதனில் பயின்று, மரியாளுக்குச் சேலை உடுத்தி வரைந்தார். சொந்த ஊரில் எதிர்ப்புக்கு ஆளாகிய அவருக்கு, பூனாவில் ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்த கிறிஸ்த பிரேம சேவா சங்க ஆசிரமம் இடமளித்தது. 1967இல் இறந்தார். சாந்தா மோனிக்காவின் ஓரத்தில் மலர் வரைந்தோரின் வழித்தோன்றல் ஒருவர் நடுவிடத்தில் முகம் வரைந்தபோது, அவருக்குச் சுவர் தந்தது சீர்திருத்த மரபைத் தொட்ட ஓர் இல்லம் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. தமிழ்நாட்டில் ஜேசுதாசனும் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஜெபாலயம் திராவிடக் கோயில் அமைப்பில் எழுந்தது. அங்கே கல் நம்முடையதாயிற்று. சுவரோவியம் வரை அது செல்லவில்லை.

குருவானவருக்கு நாம் சொல்லக்கூடியதை மோனிக்காள் வாழ்விலிருந்தே எடுத்துச் சொல்வோம். ஆப்பிரிக்க வழக்கப்படி அவள் இரத்தசாட்சிகளின் நினைவிடங்களுக்குக் கூழும் அப்பமும் திராட்சரசமும் கொண்டுசெல்வாள். மிலான் நகரில் வாயிற்காவலன் தடுத்தான். ஆயர் அம்புரோசுவின் கட்டளை என்றான். அவள் எதிர்வாதம் செய்யாமல் விட்டுவிட்டு, அவ்வுணவை ஏழைகளுக்குக் கொடுக்கலானாள். வேறொருவர் தடுத்திருந்தால் தம் தாய் இவ்வளவு எளிதில் இணங்கியிருக்கமாட்டாள், அம்புரோசுவை அவள் அவ்வளவு நேசித்தாள் என்று அகுஸ்தீனே எழுதுகிறார். மலைக்கு மாதம் ஒருமுறை திருவிருந்துக்கு வந்து இறங்கிவிடும் ஆயருக்கு அம்புரோசுவின் அதிகாரம் இல்லை. அவர் தடுக்கலாம், மக்கள் கீழ்ப்படியவும் செய்வர், ஆனால் அக்கீழ்ப்படிதல் எதையும் ஏழைக்குக் கொண்டுசெல்லாது.

ஓவியம் நன்றாக அமையுமா என்பது வேறு கேள்வி. அமையாமலும் போகலாம், தேர்ச்சியற்ற கை என்றால் இரண்டு மழையில் உதிர்ந்துவிடும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் வண்ணத்தை ஈரச்சுவரில் பூச வேண்டாம் என்று உபதேசியாருக்குச் சொல்லியிருக்கிறோம். நீற்றுச் சுண்ணாம்பும் செம்மண் காவியும் போதும். கொங்கணத்துக் கோயில்களும் ஆலயங்களும் இவ்விரண்டாலேயே பல தலைமுறை அழகு பெற்றன. கொல்லிமலையில் மார்கழிப் பனி முடியும்வரை சுவர் உலராது. தை பிறந்த பின்னரே சாந்து பூசலாம். அதற்கிடையில் குருவானவர் ஓர் இரவு அங்கே தங்கி, அந்த முதியவர் பலாவையும் மிளகையும் ஏன் முள்ளோடு சேர்க்கக்கூடாதென்று சொன்னார் என்பதைக் கேட்டறியட்டும்.